ஞாயிற்றுக்கிழமை வரும் ஆள்

அத்தியாயம் 4

விவாகரத்துக் கேஸ் என்றாலே பங்காரம்மாவுக்கு ஆகவே ஆகாது. கொலைக் கேஸில் செத்தவராவது நிம்மதியாகப் படுத்திருப்பார், இதில் இரண்டு பேரும் உயிரோடு இருந்துகொண்டே ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருப்பார்கள் என்பாள். சொல்லி என்ன செய்ய? போலீஸ் வேலையை உதறிவிட்டு வந்து, காந்திபுரத்தில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்தவளுக்கு இத்தனை வருஷத்தில் காணாமல் போன வைர மாலை ஒன்றுகூடப் படியேறி வந்ததில்லை. வந்ததெல்லாம் புருஷன்மார், பெண்டாட்டிமார், அவர்களைப் பெற்றவர்கள்.

புதிதாக வந்த மோகன்குமாரும் அந்த வகைதான். சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறவர். ஆள் நல்ல உயரம். வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’ போட்டுப் பேசினார். அவருக்கும் மனைவி சண்முகப்பிரியாவுக்கும் பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்தாகி இரண்டு வருஷம் ஆகப்போகிறது. ஜீவனாம்சம் எதுவும் வேண்டாம் என்று அன்றைக்கு எழுதிக் கொடுத்த அந்த அம்மாள், இப்போது சோற்றுக்கே வழியில்லை, ஜீவனாம்சம் வேண்டும் என்று குடும்பநல நீதிமன்றத்தில் மனுப் போட்டிருக்கிறாளாம். அடுத்த வாரம் விசாரணை. அவிநாசியில் அவள் குடியிருக்கும் வீட்டுக்கு எவனோ ஓர் ஆள் வந்து போகிறான், அவன் யார் என்று கண்டுபிடிக்க வேண்டும், வேறு ஆளோடு வாழ்கிறாள் என்பதற்குச் சாட்சி கிடைத்தாலே மனு படுத்துவிடும் என்று தன் வக்கீல் சொன்னதாக மோகன்குமார் சொன்னார்.

விவாகரத்துக்குப் பிறகுதான் அவள் அந்த வீட்டுக்குக் குடிபோனாள், அந்தத் தெருவில்கூடத் தான் கால் வைத்ததில்லை என்றார். தறிக்குடோனில் படுத்து, மெஸ் சாப்பாடு சாப்பிட்டுக் காலம் தள்ளும் ஒண்டிக்கட்டை என்று தன்னைச் சொல்லிக்கொண்டபோது அவர் கண்கூடக் கலங்கியது. கேஸ் கேட்கும்போது செல்போனில் பதிவு செய்துகொள்வது பங்காரம்மாவின் வழக்கம். அவரிடம் சொல்லிவிட்டுத்தான் பதிவு செய்தாள். மனிதர் தாராளமாகப் பேசினார்.

“வாசல்ல ஆம்பளை செருப்பு கெடக்குதுங்க. கொடியில வேட்டி காயுது. பின்கட்டுல ஒரு கண்ணாடி மாட்டியிருக்குதுங்க மேடம், நெட்டை ஆள் மொகத்துக்கு நேரா. அவ என் தோளுக்குக்கூட வரமாட்டா. அவ மொகம் அதுல தெரியுமாங்க? எவனோ நெட்டையா ஒருத்தன் நின்னு சவரம் பண்றான்னு சின்னக் கொழந்தைக்குக்கூடத் தெரியுமுங்க.”

கெட்டிக்காரத்தனமாகத்தான் யோசிக்கிறார் என்று பங்காரம்மா நினைத்துக்கொண்டாள். முன்பணத்தையும் வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் அவிநாசிக்குக் கிளம்பினார்கள். வண்டியை ஓட்டியவன் சஹீர். அலுவலகத்தில் உதவியாளன், டிரைவர், டீ வாங்கி வருகிறவன் எல்லாம் அவன்தான். உக்கடத்துக்காரன், முப்பதை நெருங்குகிறவன், வாயை மூடினால் மூச்சு முட்டும் என்கிற ஜாதி. வேன் அவனுடைய மாமாவின் பிரியாணிக் கடை வேன்.

“ரகசியமா பின்தொடர்றது நம்ம தொழிலுக்கா. ஆனா இந்த வண்டியில போனா ஊர் நாயெல்லாம் நம்மளப் பின்தொடருது,” என்றான்.

“உன்னை இறக்கிவிட்டா அதுவும் நின்னுரும்,” என்றாள் பங்காரம்மா.

அவனுக்கு ஒரு கெட்ட பழக்கம். பணம் கொடுத்த கட்சிக்காரரையும் சும்மா விடமாட்டான், ராத்திரி உட்கார்ந்து அவருடைய சொந்தபந்தங்களின் ஃபேஸ்புக்கையெல்லாம் மேய்ந்துவிடுவான். மோகன்குமாரின் அக்கா நாச்சியம்மாள் பெருந்துறையில் இருப்பதையும், போன வைகாசியில் அந்த அம்மாள் ஏதோ கல்யாணத்துக்குப் போய் வந்திருப்பதையும் கண்டுபிடித்து வைத்திருந்தான். சும்மா சிரிப்பதற்காகத்தான் அந்தப் படத்தைக் காட்டினான். பட்டுச்சேலையும் நகையுமாக நாச்சியம்மாள் நிற்கிறாள், கையில் ஒரு மூங்கில் கூடை. பக்கத்தில் நின்றவரைக் கத்தரித்துவிட்டிருக்கிறார்கள். ஒரு வேட்டியின் ஓரம் மட்டும் தெரிகிறது.

“கல்யாணத்துக்குப் போனா பிரியாணி சாப்பிட்டுட்டு வரணும். இந்தம்மா என்னடான்னா கூடையத் தூக்கிட்டு ஓடப் பாக்குது,” என்றான் சஹீர்.

பங்காரம்மா படத்தை வாங்கிப் பார்த்தாள். பார்த்தவள், வண்டியை ஓரம் கட்டச் சொன்னாள். கருமத்தம்பட்டி தாண்டி ஒரு புளியமரத்தடியில் வேன் நின்றது.

அவள் தெலுங்கு பேசுகிற வீட்டுப் பெண்தான். ஆனால் பிறந்து வளர்ந்ததெல்லாம் கவுண்டர்கள் குடியிருக்கும் வளவுகளுக்கு நடுவில். கவுண்டர் வீட்டுக் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒரு சடங்கு உண்டு. தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளைக்கும் அவன் உடன்பிறந்தவளுக்கும் நடப்பது. அதில் வரும் மூங்கில் கூடையை மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோதான் கையில் வாங்குவாள். வேறு எவளும் ஆசைக்குக்கூடத் தொடமாட்டாள். தம்பிக்குக் கல்யாணம் என்றால்தான் அக்காவுக்கு அந்த மரியாதை கிடைக்கும்.

“இந்தம்மாவுக்குக் கூடப் பொறந்தவங்க எத்தனை பேரு சஹீர்?”

“ஒரே தம்பிக்கா. நம்ம மெஸ் சாப்பாட்டு…” என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

தம்பியின் கல்யாணம் வெளியில் தெரியக்கூடாது என்று தம்பியைக் கத்தரித்துவிட்டாள் அக்கா. ஆனால் சீர்ச்சேலையையும் கூடையையும் கத்தரிக்க அவளுக்கு மனசு வரவில்லை. அந்தப் பெருமைக்குத்தானே படமே எடுத்தது! ஒண்டிக்கட்டை மோகன்குமார் வைகாசியிலேயே மறுகல்யாணம் செய்துகொண்டாகிவிட்டது.

விவாகரத்தானவர் மறுபடி கட்டிக்கொள்வதில் சட்டப்படி ஒரு குற்றமும் இல்லை என்றான் சஹீர். அதைத்தான் பங்காரம்மாவும் யோசித்துக்கொண்டிருந்தாள். குற்றமில்லாத காரியத்தை எதற்கு மறைக்க வேண்டும்? அதுவும் தான் பணம் கொடுத்து அமர்த்தியவளிடம் எதற்குக் கண்கலங்கி நடிக்க வேண்டும்? வேன் மறுபடி கிளம்பியது.  அவிநாசி வரும்வரை சஹீர் ரேடியோகூட வைக்கவில்லை.

வீடு தேர்வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. ஒரே காம்பவுண்டில் இரண்டு வீடு. முன்வீட்டில் வீட்டுக்குச் சொந்தக்காரரான உம்மல் குல்சும், பின்வீட்டில் சண்முகப்பிரியா. சஹீர் வீட்டுத் தரகனாகவும், பங்காரம்மா வாடகைக்கு வீடு தேடுகிறவளாகவும் போய் நின்றார்கள். சஹீர் ஸலாம் சொல்லிப் பேச்சைத் தொடங்கியதும் அந்த அம்மாள் நாற்காலி போட்டுவிட்டார். பேசுவதற்கு ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தவர் போலிருக்கிறது.

பின்வீட்டுப் பெண் தங்கமானவள், பனியன் கம்பெனித் துணிகளை எடுத்து வந்து பிசிறு வெட்டிக் கொடுத்துப் பிழைக்கிறாள் என்றார். அவள் புருஷன் வெளியூரில் வேலை பார்க்கிறவராம். ஒரு வருஷம்போல ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பைக்கில் வந்துகொண்டிருந்தார், பை நிறையக் காய்கறி வாங்கி வருவார், ஆனால் தலையில் மாட்டிய ஹெல்மெட்டை வீட்டுக்குள் போகும்வரை கழற்றமாட்டார். இப்போது சில மாதங்களாக ஆளைக் காணோம். செருப்பு மட்டும் வாசலில் கிடக்கிறது, வேட்டியை அந்தப் பெண் சும்மா சும்மா துவைத்துக் காயப்போடுகிறாள். தனியாக இருக்கிறாள் என்று தெருவில் எவனும் நினைத்துவிடக்கூடாதே என்று பயம், பாவம்.

கடைசியில் குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னார். போன மாதம் யாரோ வக்கீல் ஆபீஸிலிருந்து போனில் கேட்டார்களாம், பின்வீட்டுக்கு ஆண்பிள்ளை யாராவது வந்து போகிறதுண்டா என்று.

“ஆமான்னு சொல்லிட்டேன்மா. புருஷன் பொண்டாட்டி ஊட்டுக்கு வர்றதுல என்ன தப்பு இருக்கு?” என்று பங்காரம்மாவின் முகத்தைப் பார்த்தார். பங்காரம்மா அந்தக் கண்களைப் பார்க்க முடியாமல் எழுந்துகொண்டாள்.

சண்முகப்பிரியா குள்ளமான, மெலிந்த பெண். நாற்பது வயது இருக்கலாம். மடியில் பனியன் துணிக் குவியல், கையில் சின்னக் கத்தரி. வீடு பார்க்க வந்தவர்கள் என்றதும் துணியை ஒதுக்கிவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். இந்த வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்களோ என்று அவளுக்குள் ஒரு பதற்றம். அதை மறைத்துக்கொண்டு அறை அறையாகக் காட்டினாள். மகள் கனிஷ்கா ஈரோட்டில் நர்சிங் படிக்கிறாள், முதல் வருஷத்துக்கே நகையெல்லாம் போய்விட்டது, ஒரு கேஸ் இருக்கிறது, அது நல்லபடியாக முடிந்தால்தான் பிள்ளை படிப்பைத் தொடரமுடியும் என்று கேட்காமலே சொன்னாள்.

வாசல், நடு அறை, சமையலறை, அதற்கும் அப்பால் பின்கட்டு. நாலு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் சுவர். குளியலறைக்குப் பக்கத்தில் ஆணியடித்து ஒரு கண்ணாடி மாட்டியிருந்தது. பங்காரம்மா அதற்கு நேராக நின்று பார்த்தாள். அவள் நெற்றிப் பொட்டுக்கு மேலே இருந்தது மட்டும்தான் தெரிந்தது. மோகன்குமார் சொன்னது அச்சு அசலாகச் சரி.

“கேஸ் முடிஞ்சுதுக்கா,” என்று சஹீர் காதோரம் கிசுகிசுத்தான். “நெட்டையன் ஒருத்தன் இருக்கான். அஞ்சே முக்கால் அடிக்குக் குறையாது.”

“இருக்கான். ஆனா இந்தக் கண்ணாடி தெருவுல இருந்து தெரியுதா? ஓனரம்மா வாசல்ல இருந்து தெரியுதா? பக்கத்து மாடியில இருந்தாவது?”

சஹீர் சுற்றிலும் பார்த்தான். சுவரைத் தவிர ஒன்றும் இல்லை. வீட்டுக்குள் புகுந்து, சமையலறையைத் தாண்டி, இங்கே வந்து நின்றவனுக்கு மட்டும்தான் இப்படி ஒரு கண்ணாடி இருப்பதே தெரியும். அது எந்த உயரத்தில் தொங்குகிறது என்பதை நின்று முகம் பார்த்தவன்தான் சொல்லமுடியும். அந்தத் தெருவிலேயே கால் வைக்காதவர் எப்படிச் சொன்னார்?

இதற்குமேல் அந்த மனிதருக்கு ‘அவர்’ போட இந்தக் கதைக்கு மனசு வரவில்லை.

பங்காரம்மா நடு அறைக்கு வந்து தரையில் உட்கார்ந்தாள். சண்முகப்பிரியாவையும் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். தான் வீடு பார்க்க வரவில்லை, துப்பறிகிறவள் என்று சொல்லிவிட்டாள். யார் அனுப்பியது என்பதை மட்டும் உடனே சொல்லவில்லை. அந்தக் கண்ணாடியை மாட்டியது யார் என்று கேட்டாள்.

சண்முகப்பிரியா துணியைக் கையில் எடுத்துக்கொண்டாள். பிறகு மெல்லச் சொன்னாள். விவாகரத்து வெறும் காகிதத்துக்குத்தான் என்று அவள் புருஷன் சொன்னானாம். தறித்தொழில் படுத்துவிட்டது, கடன் கழுத்துவரை வந்துவிட்டது, கடன்காரர்கள் வந்தால் உன்னையும் பிள்ளையையும் தெருவில் இழுப்பார்கள், பேப்பரில் பிரிந்துவிட்டால் உங்களைத் தொடமாட்டார்கள் என்றான். எதுவும் வேண்டாம் என்று நீ எழுதிக் கொடுத்தால்தான் வேலை சீக்கிரம் முடியும் என்றும் சொன்னான். தன்னைக் காப்பாற்றத்தான் சொல்கிறான் என்று நம்பி, காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள். சொன்னபடியே ஞாயிறுதோறும் வந்தான். கடன்காரர்கள் பின்னால் வருவார்கள் என்று ஹெல்மெட்டோடு வந்தான். ஆணியடித்துக் கண்ணாடி மாட்டினான். வாசலில் ஆண்பிள்ளை செருப்பு கிடந்தால்தான் உனக்குப் பாதுகாப்பு என்று தன் செருப்பை விட்டுவிட்டுப் போனான். சித்திரையோடு வருவது நின்றது.

தறி ஒன்றும் படுக்கவில்லை, போன வருஷம்தான் புதுத்தறி இறக்கியிருக்கிறான் என்பது சஹீருக்குத் தெரியும். முந்தின நாளே சோமனூரில் விசாரித்திருந்தான். எதையும் உளறிக்கொட்டுகிறவன் அதை மட்டும் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டான்.

“நாச்சியம்மா போட்டாவப் போன்ல பாத்தனுங்க,” என்றாள் சண்முகப்பிரியா. “கூடையப் பாத்ததுமே தெரிஞ்சு போச்சு. என் கல்யாணத்துலயும் அவியதான் புடிச்சாங்க. அதுக்கப்பறந்தானுங்க மனுவே போட்டேன். மறுகல்யாணம் பண்ணிக்கிட்டது அவரு இஷ்டம். புள்ளைய மட்டும் படிக்க வச்சாப் போதுமுங்க.”

 போலீஸில் இருந்தபோது எத்தனையோ வீட்டுக் கதவைத் தட்டிச் சாவுச் செய்தி சொன்னவள் பங்காரம்மா. அப்போதெல்லாம் வராத தயக்கம் இப்போது வந்தது. ஆனால் இவளுக்குப் பாதிதான் தெரிந்திருக்கிறது. மீதியைச் சொல்லாமல் போனால் அடுத்த வாரம் கோர்ட்டில் வைத்துத்தான் தெரியவரும்.

“கண்ணு, உங்க ஊட்டுக்கு வந்துபோற ஆம்பளை யாருன்னு கண்டுபிடிக்கச் சொல்லி எனக்குப் பணம் கொடுத்திருக்கறதே அவருதான்.”

சண்முகப்பிரியாவுக்குப் புரியவில்லை. அவருக்குத் தெரியாதா, அவர்தானே வந்தார் என்றாள். யாரோ அவர் பேரைச் சொல்லி உங்களை ஏமாற்றியிருப்பார்கள் என்றாள். பங்காரம்மா சஹீரைப் பார்த்தாள். அவன் விருப்பமே இல்லாமல் செல்போனில் அந்தப் பதிவைப் போட்டான்.

மோகன்குமாரின் பணிவான குரல் அந்த அறையில் பேசியது. வாசலில் செருப்பு. கொடியில் வேட்டி. அவள் தன் தோளுக்குக்கூட வரமாட்டாள் என்று அந்தக் குரல் சொன்னபோது சண்முகப்பிரியாவின் கை தானாகத் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டது. அவள் முகம் அதில் தெரியுமா என்று அது கேட்டபோது, போதும் நிறுத்துங்கள் என்று தலையாட்டினாள்.

எல்லாம் அவளுக்கு ஒவ்வொன்றாக விளங்கியது. அது முகத்தில் தெரிந்தது. செருப்பு, ஹெல்மெட், உம்மல் குல்சும் அம்மாளிடம் வந்த போன். என்றைக்காவது இவள் ஜீவனாம்சம் கேட்டு வருவாள் என்று தெரிந்தே, இவள் வீட்டுக்கு ஓர் ஆள் வருகிறான் என்பதற்குச் சாட்சியைத் தன் காலாலேயே நடந்து நடந்து உண்டாக்கிவிட்டுப் போயிருக்கிறான்.

“அப்ப அந்தக் காய் வாங்கிட்டு வந்தது?” என்று கேட்டாள். “அவரைக்காய்னா எனக்குப் புடிக்கும்னு தேடி வாங்கிட்டு வருவாரு. அதுவுமாங்க?”

 சஹீர் எழுந்து வாசல் பக்கம் போய் நின்றுகொண்டான்.

பேசித்தான் ஆக வேண்டும் என்று பங்காரம்மா தன்னைத் தேற்றிக்கொண்டு சட்டத்தை எடுத்துச் சொன்னாள். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்ததனால் மட்டும் ஜீவனாம்சம் கேட்கிற வழி அடைபட்டுவிடாது, மறுகல்யாணம் செய்யாமல் வழியில்லாமல் நிற்கிற பெண் விவாகரத்துக்குப் பிறகும் கேட்கலாம் என்று வக்கீல்கள் சொல்கிறார்கள். வந்த ஆள் மோகன்குமார்தான் என்று, கண்ணாடியைப் பற்றி அவன் பேசிய பதிவோடு சாட்சி சொல்லத் தானே வருவதாகச் சொன்னாள். அவன் கொடுத்த முன்பணம் இன்றைக்கே திரும்பிப் போகும் என்றாள். ஆனால் முதலில் சொல்ல வேண்டியவள் சண்முகப்பிரியாதான். விவாகரத்து ஆன பிறகும் ஞாயிறுதோறும் அவன் வந்தான், சமைத்துப் போட்டேன், புருஷன் என்று நம்பிக் கூட இருந்தேன் என்று நாலு பேர் முன்னால் அவள் வாயால் சொல்ல வேண்டும். சட்டப்படி அவன் அந்த வருஷம் முழுக்க அவளுக்கு அந்நியன். எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஒரு இடத்தைப் பிடித்துக்கொண்டு கேட்கக்கூடாததையெல்லாம் கேட்பார். அதையும் பங்காரம்மா மறைக்கவில்லை.

சண்முகப்பிரியா அழவில்லை. அழுதிருந்தால் பங்காரம்மாவுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

“கல்யாணம் கட்டி இருவது வருசமுங்க,” என்றாள். “சாப்புட்டியான்னு ஒரு வார்த்தை அவரு கேட்டதில்ல. அந்த ஞாயித்துக்கெழமைகள்லதானுங்க கேட்டாரு. நானும் ஒரு மனுசின்னு தெரிஞ்சதே அந்த ஒரு வருசந்தான். அதைக் கொண்டுபோயி கோர்ட்டுல ஏமாத்து வேலைன்னு நானே சொல்லோணுமுங்களா?”

“சொல்லோணும் கண்ணு. சொல்லலீன்னா அவரு சொல்றதுதான் நிக்கும். கனிஷ்கா படிப்பும் நின்னு போகும்.”

முன்வீட்டில் உம்மல் குல்சும் யாரையோ சத்தம்போட்டுக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். சண்முகப்பிரியா குவியலிலிருந்து ஒரு பனியனை எடுத்தாள், பிசிறு எங்கே என்று தேடினாள், பிறகு வெட்டாமலே மடித்துக் கீழே வைத்தாள்.

“அன்னைக்கு அவரு எதுத்தாப்புல நிப்பாருங்களா?”

“நிப்பாரு.”

“அப்பச் சொல்றேனுங்க,” என்றாள் சண்முகப்பிரியா. “வந்தது அவருதான்னு சொல்றேன். எனக்கு அது நல்லா இருந்துச்சுன்னும் சொல்றேன். ரெண்டையும் எழுதிக்கட்டும்.”